கதவோரக் கட்டில்

நவம்பர் 12, ஞாயிறு

இன்று விடுதிக்கு வந்தேன். ஜூன் மாதத்திலிருந்து அப்பாவோடு தேயிலைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் தங்கி, பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தேன். போன வார மழையில் பாதை சரிந்து பஸ் நின்றுவிட்டது. அப்பா ஓட்டும் லாரி மட்டும் மலையைச் சுற்றிக்கொண்டு வருகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிகிற வரைக்கும் இங்கேயே இரு என்று கொண்டுவந்து விட்டார். "கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்க தாயி" என்றார், போய்விட்டார். அது அவருடைய கோட்டு. எனக்கு முழங்கால் வரை வருகிறது.

பெரிய கூடத்தில் இடமில்லை. சமையலறைக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து மூன்று கட்டில் போட்டிருக்கிறார்கள். என்னோடு இருப்பவர்கள் என் வகுப்பு எப்சிபாவும் நிரோஷாவும். எப்சிபாதான் கணக்கில் எப்போதும் முதல். அவள் அப்பா ஒரு எஸ்டேட் சர்ச்சில் உபதேசியார். நிரோஷாவின் குடும்பம் தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து வந்தது. வீட்டில் எல்லாரும் கொழுந்து பறிக்கிறார்கள்.

தினமும் கொஞ்சம் எழுதிப் பழகினால் தேர்வில் கை வலிக்காது என்று தமிழ் மிஸ் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

நவம்பர் 19, ஞாயிறு

புதன்கிழமை துவைத்த பாவாடை இன்னும் ஈரமாகவே இருக்கிறது. எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கம் என்றால் பிழிந்து உதறுவதற்குள் காய்ந்துவிடும். எப்சிபா சமையலறைக்குள் போய், இட்லிக் கொப்பரை மூடிமேல் எங்கள் மூன்று பேர் காலுறைகளையும் பரப்பி வைத்திருக்கிறாள். சமையல்கார அக்கா கரண்டியோடு துரத்தியதில் காலுறை எல்லாம் சாம்பலில் விழுந்து மறுபடி துவைத்தோம். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

நவம்பர் 27

கால்விரல் எல்லாம் வீங்கிச் சிவந்து அரிக்கிறது. நிரோஷா தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டாள். ஸ்வெட்டருக்குள்ளே பேப்பரை மடித்து வைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தாள். நடந்தால் சரசரவென்று சத்தம் வருகிறது, ஆனால் குளிர் அவ்வளவு இறங்குவதில்லை.

உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு வார்டனம்மா அட்டை வெட்டி ஒட்டினார். குளிர் வர இன்னொரு வழியும் இருக்கிறது. என் கட்டிலுக்கு நேர் மேலே, கூரையை ஒட்டி ஒரு காற்றுத் துவாரம். சாயங்காலம் ஆனால் அது வழியாகப் பனி உள்ளே இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எங்கள் மூன்று பேரில் குளிர் தாங்காதவள் நான்தான். எப்சிபா தன்னுடைய இரண்டாவது ஸ்வெட்டரை எனக்குக் கொடுத்துவிட்டாள். கேட்டதற்கு, தனக்கு உள்ளேயே அடுப்பு எரிகிறது என்றாள்.

டிசம்பர் 3, ஞாயிறு

அப்பா வந்தார். நான் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் என் விரலைப் பார்த்துவிட்டார். அறைக்குள் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். லாரிக்குப் போய் தார்ப்பாய்க்கு அடியில் போடும் கனமான பிளாஸ்டிக் ஷீட்டும் ரீப்பர் கட்டையும் எடுத்துவந்தார். கட்டில்மேல் ஏறி நின்று துவாரத்தை இரண்டு மடிப்பாக மூடி, நாலு பக்கமும் கட்டை வைத்து ஆணி அடித்தார். எப்சிபா ஆணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அடித்து முடித்ததும் உள்ளங்கையை ஓரத்தில் வைத்துப் பார்த்து, "எறும்பு கூட நுழையாது" என்றார்.

வார்டனம்மா அப்போது சர்ச்சுக்குப் போயிருந்தார். சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, நல்ல வேலைக்காரர் உங்கப்பா என்றார்.

டிசம்பர் 6

காலையில் மைதானம் முழுக்க வெள்ளை. உப்பளம் என்று நினைத்துவிட்டேன். உறைபனி. இந்த வருடம் இதுதான் முதல் என்றார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை.

சாயங்காலம் வார்டனம்மா தன் அறையிலிருந்த கணப்புச் சட்டியை எங்களுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். இரும்புச் சட்டி, உள்ளே சீகை மரக்கரி சிவப்பாகக் கனிந்துகொண்டிருந்தது. அவருக்கு ஏற்கெனவே வீசிங். உங்களுக்கு வேண்டாமா என்று நிரோஷா கேட்டாள். படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் வேண்டும், எனக்கு இரண்டு கம்பளி போதும் என்றார். படிக்கும்வரை வைத்துக்கொண்டு, படுப்பதற்கு முன்னால் மறக்காமல் வராந்தாவில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்று எப்சிபாவிடம் பொறுப்பு கொடுத்தார்.

சட்டியை என் கட்டில் பக்கத்தில்தான் வைத்தோம்.

டிசம்பர் 7

இங்கே வந்ததிலிருந்து நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.

டிசம்பர் 13

அரையாண்டுத் தேர்வு ஆரம்பம். சட்டியை வெளியே வைத்தால் விடிவதற்குள் அறை ஐஸ் பெட்டி ஆகிவிடுகிறது. மூன்று நாளாக உள்ளேயே விட்டுவிடுகிறோம். சாம்பல் பூத்த கரிதானே, தானாக அணைந்துவிடும். வார்டனம்மா கேட்டார். அணைந்த பிறகுதான் படுக்கிறோம் என்று எப்சிபா சொன்னாள். "சரி கண்ணு, கொஞ்சமா வச்சுக்கோங்க" என்றார்.

கதவுக்கு அடியில் காற்று வருகிறது என்று நிரோஷா ஒரு சாக்கைச் சுருட்டி வைத்திருக்கிறாள்.

காலையிலிருந்து தலைவலி. தேர்வுப் பயம் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 18

அறிவியல் தேர்வில் நிரோஷா எழுந்துபோய் வாந்தி எடுத்தாள். இட்லி மாவு புளித்துவிட்டது என்று எல்லாரும் சமையல்கார அக்காவைத் திட்டினார்கள். அக்கா அழுதார். அதே இட்லியைத்தான் கூடத்துப் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு இன்றைக்கும் தலைவலி. பள்ளிக்கூடம் போய் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் குறைகிறது.

டிசம்பர் 21

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. விடியும் நேரத்தில் எனக்கு விழிப்பு வந்தது. கையைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி. கூப்பிடப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. அப்புறம் எப்படித் தூங்கினேன் என்று தெரியாது.

நிரோஷாவிடம் சொன்னேன். அவளுக்கும் அப்படித்தான் இரண்டு தடவை ஆனதாம். அமுக்குவான் பேய் என்றாள். கூடத்துப் பிள்ளைகளிடம் விசாரித்ததில், அந்த அறையை இத்தனை வருடமும் பூட்டியே வைத்திருந்ததற்குக் காரணம் இருக்கிறது, அங்கே ஒருத்தி செத்துப்போனாள் என்கிறார்கள். யார், எப்போது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எப்சிபா மட்டும் நம்பவில்லை. அரிசி மூட்டையில் எலிதான் செத்திருக்கும் என்றாள்.

டிசம்பர் 27

விடுமுறை. அப்பாவின் அறையில் இருக்கிறேன். இது ஒரு தகரக் கொட்டகை, நாலு பக்கமும் காற்று வருகிறது. விடுதியைவிட இங்கே குளிர் அதிகம். அப்பா என்மேல் மூன்று கம்பளி போட்டுவிட்டு, தான் கோணிமேல் படுத்துக்கொள்கிறார்.

தலைவலி இல்லை. அதுவும் இங்கே வரவில்லை.

டிசம்பர் 31

ஊருக்குப் போன் செய்தோம். தம்பிக்குச் சளி. பொங்கலுக்கு ஊருக்குப் போவதாக அப்பா சொல்லியிருக்கிறார். விடுதியில் எல்லாம் சௌகரியமா என்று அம்மா கேட்டாள். சௌகரியம் என்றேன். பேய் விஷயத்தைச் சொன்னால் அப்பா படிப்பை நிறுத்திவிடுவார்.

ஜனவரி 3

திரும்பி வந்தேன். நிரோஷா வீட்டிலிருந்து மந்திரித்த எலுமிச்சம்பழம் கொண்டுவந்து நிலைப்படியில் கட்டினாள். ஜன்னல் இடுக்குகளில் கோதுமைப் பசை தடவிப் பேப்பர் ஒட்டினோம். அது எந்த வழியாக வருகிறது என்று தெரியாததால் எல்லா வழியையும் அடைத்தோம்.

எப்சிபா மதியம் அந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டாள். நிரோஷா அவளோடு சாயங்காலம் வரை பேசவில்லை.

ஜனவரி 4

தலைவலி.

ஜனவரி 8

நேற்று மறுபடியும் வந்தது. இந்தத் தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரிகூட இருந்தது. இந்தக் கட்டிலில் படுக்கிறவளைத்தான் அது பிடிக்கிறது என்று நிரோஷா சொன்னாள். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு என்னால் அறைக்குள் போக முடியவில்லை. வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எப்சிபா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "காளீஸ்வரின்னு பேர் வச்சுக்கிட்டுப் பேய்க்குப் பயப்படுறியே, உங்க சாமிக்கே வெட்கமா இருக்கும்" என்றாள். அப்புறம், "நீ கதவுப் பக்கம் என் கட்டில்ல படுத்துக்க. நான் அங்க படுக்கிறேன். வரட்டும், நாலு கணக்குக் கொடுத்துப் போடச் சொல்றேன்" என்றாள்.

நான் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஜனவரி 10

கணக்குத் திருப்புதல் தேர்வுத் தாளைத் திருத்திக் கொடுத்தார்கள். எப்சிபா பாதிக்குமேல் எழுதவே இல்லை. கணக்கு சார் அவளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்தார். முதல் மதிப்பெண் வாங்கித் தலைக்கனம் ஏறிவிட்டது என்று திட்டினார். வட்டத்தின் பரப்பளவுக்குச் சூத்திரம் கேட்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். எப்சிபா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எழுத்தெல்லாம் நகருது காளி. பிடிச்சு வைக்க முடியல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு இரண்டு நாளாகத் தலைவலி குறைவு. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 11

நாளை மதியத்தோடு பொங்கல் விடுமுறை. நிரோஷாவை அவள் அண்ணன் இன்றே வந்து கூட்டிக்கொண்டு போனான். பை இல்லாததால் கதவடியில் வைத்திருந்த சாக்கை உதறி, அதில் கம்பளியைத் திணித்து எடுத்துப்போனாள்.

இன்றைக்குப் பனி அதிகமாக இருக்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். வார்டனம்மா எங்கள் சட்டியில் இன்னும் இரண்டு கை கரி போட்டார். எப்சிபா சீக்கிரமே படுத்துவிட்டாள். கண் எரிகிறது, விளக்கை அணை என்கிறாள்.

ஜனவரி 21, ஞாயிறு
கோயம்புத்தூர், ஆஸ்பத்திரி

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. கை என் சொல் கேட்க மாட்டேன் என்கிறது.

எப்சிபா செத்துப்போனாள்.

ஜனவரி 22

எனக்கு எதுவும் நினைவில்லை. மற்றவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். பன்னிரண்டாம் தேதி காலையில் நாங்கள் வெந்நீர் எடுக்க வரவில்லை என்று சமையல்கார அக்கா கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. வார்டனம்மா ஓடிவந்து அம்மிக்குழவியால் தாழ்ப்பாளை உடைத்திருக்கிறார். என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டபோது மூச்சு இருந்தது. எப்சிபாவுக்கும் இருந்தது. இதே ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். கண் திறக்கவில்லை.

டாக்டர் அப்பாவிடம் விளக்கிச் சொன்னபோது நானும் கேட்டேன். மூடிய அறையில் கரி எரிந்தால் ஒரு விஷவாயு வருமாம். வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தலைவலி, வாந்தி, மறதி, நெஞ்சு அமுக்குவது எல்லாம் அதனால்தானாம். ஒரு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. கதவடி இடுக்கில் வந்த காற்றுதான் என்னைக் காப்பாற்றியது என்றார்.

அறையில் காற்று போக வேறு வழியே இல்லையா என்று டாக்டர் கேட்டார். அப்பா மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 24

எப்சிபாவின் அம்மா என்னைப் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். உரித்து, விதை எடுத்து, ஒவ்வொரு சுளையாக என் கையில் கொடுத்தார். கட்டிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அழவில்லை.

"நீ எந்தக் கட்டில்ல மகளே படுத்திருந்த?"

"கதவோரம்."

"எப்பவும் அங்கதானா?"

ஆமாம் என்றேன். நர்ஸ் ஊசி போட வந்ததால் அவர் எழுந்துகொண்டார்.

பிப்ரவரி 2

அப்பாவின் கொட்டகையில் இருக்கிறேன். அம்மா தம்பியை மாமா வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அப்பா கதவையும் மூடுவதில்லை, ஜன்னலையும் மூடுவதில்லை. இருந்த ஒரு தகரத்தையும் கழற்றிவிட்டார். பனி உள்ளே வந்து போர்வைமேல் ஈரமாக இறங்குகிறது. அம்மா சண்டை போட்டுப் பார்த்தாள். நான் குளிர்கிறது என்று சொல்வதில்லை. சொன்னால் அப்பா என்ன செய்வார் என்று தெரியவில்லை.

வார்டனம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜாமீனில் இருக்கிறாராம்.

பிப்ரவரி 9

விசாரணைக்குப் பள்ளிக்கூடம் வரச் சொன்னார்கள். அப்பா லாரியில் கூட்டிப்போய், வெளியே வண்டியிலேயே இருந்தார். தலைமையாசிரியர் அறையில் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஓரத்து பெஞ்சில் வார்டனம்மா. பாதியாக இளைத்துப்போயிருந்தார். மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது.

தலைவலி எப்போதிலிருந்து, சட்டியை யார் கொண்டுவந்தது என்றெல்லாம் அதிகாரி கேட்டார். சொன்னேன். அப்புறம், "மேலே இருந்த துவாரத்துல பிளாஸ்டிக் அடிச்சிருக்கே, அது யார் அடிச்சது?" என்றார்.

நான் மேசைக் காகிதங்கள்மேல் இருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடியும் கேட்டார்.

"நான்தான் சார் ஆள் வச்சு அடைச்சேன்" என்றார் வார்டனம்மா. "பிள்ளைக்கு அது தெரியாது."

அதிகாரி எழுதிக்கொண்டார். என்னைப் போகச் சொன்னார். நான் வார்டனம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியில் ஏறியதும் அப்பா என்ன கேட்டார்கள் என்றார். தலைவலியைப் பற்றிக் கேட்டார்கள் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லையா என்றார். இல்லை என்றேன். வண்டியை எடுத்தார். சரிவு இறங்கி, கேரட் கழுவுகிற இடம் தாண்டி, கொண்டை ஊசி வளைவில் ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"அந்த ஓட்டையப் பத்திக் கேட்டிருப்பாகளே தாயி."

நான் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"யாரு அடைச்சதுன்னு சொன்ன?"

"நான் சொல்லலப்பா. வார்டனம்மா தான் அடைச்சதாச் சொல்லிட்டாங்க."

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். பின்னால் ஒரு ஜீப் வந்து ஹாரன் அடித்தது. அது கடந்து போகட்டும் என்று காத்திருந்தார். பிறகு அந்தக் குறுகலான வளைவிலேயே, முன்னும் பின்னுமாக நகர்த்தி லாரியைத் திருப்பினார். பின் சக்கரம் ஒரு தடவை பள்ளத்து விளிம்பில் மண்ணைச் சரித்தது. வேண்டாம் அப்பா என்றேன். அம்மாவும் தம்பியும் என்ன செய்வார்கள் என்றேன். அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் இறங்கி, மப்ளரைக் கழற்றி இருக்கைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் வண்டியிலேயே இருந்தேன். அறையின் ஜன்னல் தெரிந்தது. அதிகாரி நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை. கையைத் தலைக்குமேல் தூக்கி, ஆணி அடிக்கிற மாதிரிக் காட்டினார், நாலு பக்கமும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த வார்டனம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

மார்ச் 4, ஞாயிறு

அப்பாவின் பெயரையும் வழக்கில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் தொழிற்சாலையில் வேலையை விட்டு அனுப்பவில்லை. வார்டனம்மாவுக்கு வேலை போய்விட்டது. திண்டுக்கல் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். போவதற்கு முன்னால் அப்பா அவரைப் போய்ப் பார்த்தார். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. அந்த அறையை மறுபடி பூட்டிவிட்டார்கள். இப்போது கூடத்துப் பிள்ளைகளுக்குப் பேய்க்கதை சொல்லிக்கொள்ள ஒரு பெயர் இருக்கிறது.

பாதை சரியாகிவிட்டது. பஸ்ஸில்தான் போய் வருகிறேன்.

மார்ச் 27

தமிழ் முதல் தாள். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே தேர்வு மையம். நானும் நிரோஷாவும் போனபோது முன்வாசலில் எப்சிபாவின் அம்மா நின்றிருந்தார். உள்ளே போகிற பிள்ளைகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வந்து, நெற்றியில் கட்டை விரலால் சிலுவை போட்டார்.

"உன்னைக் கதவோரத்துல படுக்க வச்சது கர்த்தர்தான் மகளே. அவளுக்கும் சேத்து நீ எழுது" என்றார்.

நிரோஷா என்னைப் பார்த்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

எனக்கு முன்வரிசை மேசையில் எப்சிபாவின் பதிவெண் ஒட்டியிருந்தது. பெயரை முன்பே அனுப்பிவிட்டதால் எண் வந்துவிட்டது. மேற்பார்வையாளர் வினாத்தாள் கொடுத்துக்கொண்டே வந்து, இந்தப் பிள்ளை வரவில்லையா என்று கேட்டார். எல்லாரும் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். கட்டுரையில் ஒன்றை விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் எழுதினேன்.

முடிந்து வெளியே வந்தபோது, முன்வாசலில் எப்சிபாவின் அம்மா இன்னும் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. நான் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். அந்த வழியில் போனால் பஸ் ஸ்டாண்டு பக்கம்.